பின்னல் மாநாடும் முப்பத்தாறு அங்குலமும்

விருத்தாசலத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற ஆண்பிள்ளையைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று நான் ஊகிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஊர் அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டிருந்தது. சித்திரையில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர் இது. இங்கே கம்பளி நூலோடு ஒருவன் திரிந்தால் ஒன்று அவனுக்கு மலேரியாவாக இருக்க வேண்டும், இல்லை வீட்டில் யாருக்காவது ஊட்டிக்கு மாற்றலாகியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. எனக்கு இருந்தது ஒரு பொழுதுபோக்கு. நாற்பத்தெட்டு வயது ஆசாமிக்குப் பொழுதுபோக்கு இருக்கிறது என்றாலே சந்தேகமாகப் பார்ப்பார்கள். அது சீட்டாட்டமாகவும் இல்லாமல் போனால் கேட்கவே வேண்டாம்.

ஆரம்பித்து வைத்தது என் மனைவிதான். கல்யாணமான நாலாவது மாதம் மொபெட்டிலிருந்து விழுந்து, தொடைவரை மாவுக்கட்டோடு மூன்று மாதம் படுத்துக்கிடந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன், பேப்பர் கேட்டேன், மணி என்ன என்று கேட்டேன். பத்தாம் நாள் அவள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கான்வென்டில் படிக்கும்போது கட்டாயத்தின் பேரில் கற்று, கட்டாயம் தீர்ந்த அன்றே உள்ளே எறிந்துவிட்ட இரண்டு ஊசிகளையும் ஒரு உருண்டை நூலையும் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். கூடவே ஒரு ஆங்கிலப் புத்தகம். அதன் அட்டையில் பைப் புகைக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வியர்வை என்றால் என்னவென்றே தெரியாத முகத்தோடு நின்றார். மாவுக்கட்டைப் பிரித்தபோது எனக்கு நடப்பது மறந்துபோயிருந்தது. பின்னுவது வந்திருந்தது.

நான் வேலை பார்த்தது பீங்கான் பட்டறையில். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, தலையாட்டும் செட்டியார், உண்டியல் பூனை என்று எங்கள் ஊர் எதையெல்லாம் சுட்டு விற்கிறதோ அதற்கெல்லாம் அச்சு செய்கிறவன். பீங்கான் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். பூனை எட்டு அங்குலம் வர வேண்டுமானால் அச்சை ஒன்பது அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் பூனை பிறப்பதற்குள் சுடுகிறவன் செத்துவிடுவான் என்பதால், அச்சுக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு ஸ்கேல் வைத்திருப்பார்கள். அதில் அங்குலங்களே கொஞ்சம் நீளமாகக் கொத்தப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எட்டு என்று அளந்தால் சூளை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். மாவுக்கட்டு பிரித்த பிறகு நான் முடித்த முதல் முழு ஸ்வெட்டர் அவளுக்குத்தான். மஞ்சள் நிறம். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். திரும்பி நின்றாள். கழற்றி, நாலாக மடித்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பீரோவில் வைத்தாள். அதையும் சேர்த்து இருபது வருஷத்தில் ஆறு ஸ்வெட்டர்கள் பின்னிக் கொடுத்தேன். ஆறும் நன்றாகத்தான் இருந்தன. ஆறும் பீரோவுக்குத்தான் போயின. வெயில் என்ற மரியாதையான காரணம் ஊரில் வருஷம் முழுவதும் கிடைப்பதால் நான் எதுவும் கேட்டதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

அந்தக் காரணம் ஊட்டியில் உடைந்தது. அவள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாரும் குடும்பத்தோடு சுற்றுலா போனோம். பையில் நான் பின்னிய நீல ஸ்வெட்டர் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பல் கிட்டியது. என் மனைவி நேராக ரோட்டோரம் விரித்திருந்த கடைக்குப் போய், மெஷினில் பின்னிய ஒரு சிவப்பு ஸ்வெட்டரை வாங்கி, அங்கேயே போட்டுக்கொண்டாள். மூன்று நாளும் அதுதான். நான் ஏரியைப் பார்த்தேன், பூங்காவைப் பார்த்தேன், எதைப் பார்த்தாலும் சிவப்பாகத் தெரிந்தது. ஊருக்கு வந்த பிறகு அதையும் பீரோவில்தான் வைத்தாள், என் ஆறுக்கும் மேலே.

நான் பின்னிய ஒன்றை அவள் ஒரே ஒரு தடவை, மனசார, போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இருந்த லட்சியம் மொத்தமும் இவ்வளவுதான். வேறு லட்சியங்களும் இருந்தன, அவை தாமாகவே விலகிக்கொண்டன.

மாநாடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு பெண்கள் பத்திரிகையின் கைவேலைப் பக்கத்துக்கு, ஸ்வெட்டர் கழுத்து சுருண்டுகொள்ளாமல் முடிப்பது எப்படி என்று ஒரு கடிதம் எழுதியிருந்தேன். கையெழுத்துக்குப் பதில் இனிஷியலைப் போட்டிருந்தேன். தமிழ்நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ‘அன்புச் சகோதரிக்கு’ என்று பதில்கள் வந்தன. முதல் கடிதத்திலேயே திருத்தியிருக்கலாம். ஆனால் சகோதரி என்று நினைத்துக்கொண்டு அவர்கள் எழுதிய தகவல்கள் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு விவரமாக இருந்தன. சகோதரன் என்று தெரிந்தால் வியாக்கியானம் குறைந்துவிடுமோ என்று பயந்து இரண்டு வருஷம் சகோதரியாகவே இருந்தேன். பிறகு கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வந்தது. கடிதம் மெயிலாயிற்று, சகோதரி மாறவில்லை. நாற்பது பேர் சேர்ந்தோம். நேரில் கூடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

எங்கே என்ற கேள்வி வந்தபோது விருத்தாசலம் தேர்வான விதத்தைப் பற்றி எனக்குப் பெருமை கிடையாது. திருச்சிக்காரர்களுக்குச் சேலம் தூரம், சேலத்துக்காரர்களுக்குக் கடலூர் தூரம். எல்லா ரயிலும் நிற்கிற, யாருக்கும் போகத் தோன்றாத ஓர் ஊரைக் கண்டுபிடித்து, அங்கே இருக்கிற சகோதரியை வரவேற்புக் குழுத் தலைவியாக்கினார்கள். பள்ளிக்கூடங்கள் லீவாக இருக்க வேண்டும் என்று மே மாதத்தை வைத்தார்கள். அக்னி நட்சத்திரத்தில் கம்பளி மாநாடு. யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. பின்னுகிறவர்களுக்கு எண்ணிக்கைதான் கண்ணில் படும், காலண்டர் படாது.

மாநாட்டின் முக்கிய நிகழ்ச்சி போட்டி. நடுவர் கோத்தகிரியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி மேட்ரன். மலையில் முப்பது வருஷம் பின்னியவர். கடையில் வாங்கிய சரக்கைத் தன் கைவேலை என்று காட்டுகிறவர்களைப் பிடிப்பதற்காக அவர் ஒரு விதி போட்டார்: யாருக்காகப் பின்னியதோ, அவரே அதைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வர வேண்டும்.

பிரிண்ட் எடுத்த மெயிலை மனைவியிடம் நீட்டினேன். விடைத்தாளைத் திருத்துகிறவளைப் போலப் படித்தாள்.

“போட்டுக்கிறேன்,” என்றாள். “மேடையில ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் எனக்குன்னு நீங்க எதுவும் பின்னக் கூடாது. சம்மதமா?”

“எதுவுமேவா?”

“ஒரு மப்ளர் கூட.”

சம்மதம் என்றேன். ஒருமுறை போட்டுப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்ற கணக்கில் சொன்னது. சூதாடிகள் எல்லாருக்கும் இந்தக் கணக்கு இருக்கும்.

இது வரை நான் பின்னியதெல்லாம் மங்கலம்பேட்டை ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் நூல். கம்பளி என்று பேர், ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இந்தத் தடவை மேட்ரனுக்கு எழுதி, மலையிலிருந்து சுத்தமான கம்பளி வரவழைத்தேன். நாவல்பழ நிறம். பார்சலைப் பிரித்தபோது நிஜமாகவே ஆட்டு வாசனை வந்தது.

தையல்கார டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போனேன். போலீஸ் சோதனைக்கு நிற்பவளைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு. நோட்டில் எழுதினேன். எட்டிப் பார்த்து அந்த எண்ணைப் படித்துக்கொண்டாள். பாதியில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் நல்லது என்றதற்கு, இந்த வெயிலில் அந்தப் பேச்சை எடுத்தால் ஒப்பந்தமே ரத்து என்றாள்.

மூன்று மாதம் பின்னினேன். ஒவ்வொரு பத்து வரிசைக்கும் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து, அதற்குள் விழுந்த நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை, எண்ணி நோட்டில் குறித்தேன். நாலு அங்குலத்துக்கு இருபத்தைந்து கண்ணி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் வாழ்க்கையில் வேறு எதிலும் நான் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. என் மதிப்பெண் பட்டியல் அதற்குச் சாட்சி.

மாநாட்டு மண்டபம் மாதா கோயிலுக்குச் சொந்தமான ஹால். பட்டறையில் சூளை பார்க்கிற நண்பர் ஒருவர், என்னைவிட மூன்று வயது சின்னவர், மைக் செட்டும் ஃப்ளெக்ஸும் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். ‘மாபெரும் பின்னல் மாநாடு, அனைவரும் வாரீர்’ என்று கும்பிடு போட்ட என் படத்தோடு பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் நின்றது. மாநாடு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, எந்தக் கட்சி, ஊர்வலம் உண்டா, எத்தனை வண்டி வரும் என்று விசாரித்தார். கட்சி இல்லை, ஸ்வெட்டர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெயிலில் வெளியே அதிகமாக அலைய வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனார்.

காலை ரயில்களில் சகோதரிகள் வந்து இறங்கினார்கள். வரவேற்புக் குழுத் தலைவியைத் தேடினார்கள். மீசையோடு ஒருவன் ரோஸ் நிற பேட்ஜைக் குத்திக்கொண்டு சர்பத் டம்ளரை நீட்டினால் என்ன செய்வார்கள் பாவம். சேலத்து அம்மாள் ஒருவர் மட்டும், தன் பிரசவத்தைப் பற்றி மூன்று மெயில் எழுதியவர், டம்ளரை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “நீங்கதானா அது,” என்றார் கடைசியில். மாநாடு முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

காலை அமர்வு சண்டையில் ஆரம்பித்தது. நூலை வலது கையில் பிடிப்பதா இடது கையில் பிடிப்பதா என்பது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சாதாரண விஷயம். உள்ளே அது வடகலை, தென்கலை. யானைக்கு எந்த நாமம் போடுவது என்ற அளவுக்குப் போய், பதினோரு மணிக்கு மின்வெட்டு வந்ததால் தீர்ப்பு சொல்லாமல் நின்றது. ஃபேன் நின்றதும் ஹாலில் இருந்த கம்பளி முழுவதும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டதுபோல ஆட்டு வாசனை எழுந்தது. கண்காட்சி மேஜையில் பாப்பா ஷூக்கள், குல்லாய்கள், டீ கெட்டிலுக்கு ஒரு சட்டை. மலையிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார்கள். நுங்கு வாங்கிவரச் சொல்லி, ஒன்றைத் தின்னவும் ஒன்றை முகத்தில் தேய்க்கவும் கொடுத்தோம். இவ்வளவுக்கும் நடுவில் நாற்பது பெண்களும் ஊசியை நிறுத்தவில்லை. அவர்கள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் போகவில்லை.

கரண்ட் போனாலும் மைக் போகவில்லை. சூளைக்காரர் ஆம்ப்ளிஃபயரைக் கார் பேட்டரியில் மாட்டி வைத்திருந்தார். வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் மாநாட்டைத் தெருவுக்கும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் போட்டி. எனக்கு முன்னால் ஏழு பேர். அக்கா தங்கைக்குப் பின்னியது, மாமியார் மருமகளுக்குப் பின்னியது என்று ஒவ்வொருவராக வியர்த்து வழிய வந்து நின்றார்கள். எல்லாம் உடம்போடு ஒட்டி அழகாக உட்கார்ந்திருந்தது. என் பேர் வாசிக்கப்பட்டது. நோட்டோடு மேடை ஏறினேன். பக்கத்து அறைக் கதவு திறந்தது.

முதலில் ஸ்வெட்டர் வந்தது. அதற்குள்ளே என் மனைவி வந்தாள். கைகளின் நுனியில் விரல்கள் தெரியவில்லை. தோள் ஒரு பக்கம் சரிந்து ஜாக்கெட்டுக்கு வெளியே தொங்கியது. கீழே தொடைவரைக்கும் இறங்கியிருந்தது. பள்ளிக்கூட மேடையில் பழகிய நிமிர்ந்த நடை மாறாமல், முன்னால் வந்து நின்று, ஹாலை ஒருமுறை பார்த்தாள். அந்த நடையோடு அந்த ஸ்வெட்டரைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. கூரையில் நின்றிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

“அண்ணி உள்ளதான் இருக்காங்க,” என்றார் சூளைக்காரர் மைக்கில். “யாரும் கவலப்பட வேணாம்.”

ஹால் சிரித்தது. தெருவிலும் யாரோ சிரித்தார்கள்.

மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. மேடை ஏறி, ஸ்வெட்டரின் ஓரத்தைப் புரட்டி, தையலைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கக்கத்தைப் பார்த்தார். நோயாளியின் நாக்கைப் பார்க்கிற முகம்.

“இவ்ளோ சீரான கை நான் பாத்ததில்ல,” என்றார். “ஆனா இத யாருக்கு பின்னுனீங்க?”

என் மனைவிக்கு என்றேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். முப்பத்தாறு என்று இருந்தது. தளர்வுக்கு இரண்டு சேர்த்து முப்பத்தெட்டு. தன் கழுத்தில் தொங்கிய டேப்பை ஸ்வெட்டரைச் சுற்றிப் பிடித்தார். நாற்பத்து மூன்று. நோட்டில் நாலு அங்குலத்துக்கு இருபத்தைந்து கண்ணி. ஸ்வெட்டரில் எண்ணினார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். என்னைத் தள்ளி நின்று பார்த்தார்.

இதற்குள் என் மனைவி என் பக்கம் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அளவெடுத்தப்ப நான் பாத்தேனே. முப்பத்தாறுன்னுதான் எழுதுனீங்க. எழுதுறது ஒண்ணு, மனசுல இருக்கறது ஒண்ணா?”

என்ன கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மேட்ரன் என்னிடம் எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காவது விடை தெரிந்ததே என்ற நிம்மதியோடு, சட்டைப் பையிலிருந்து என் எஃகு ஸ்கேலை எடுத்து நீட்டினேன். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து என்னோடு இருப்பது. எண்கள் தேய்ந்திருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். வீட்டில் நான் ஸ்கேல் என்று சொன்னால் அதுதான் ஸ்கேல்.

மேட்ரன் அதை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் தன் டேப்பை நீட்டி வைத்தார். இரண்டையும் ஒரு முனையில் சேர்த்துப் பிடித்துவிட்டு, மறுமுனையைக் கையால் தடவிக்கொண்டே போனார். என் ஸ்கேலில் பன்னிரண்டு முடிந்த இடத்தில் அவருடைய டேப் பதின்மூன்றரை காட்டியது.

நான் பார்த்தேன். எனக்கு உடனே புரியவில்லை. மேட்ரனின் டேப் மலையிலேயே சுருங்கிப் போயிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. சூளைக்காரர் மைக்கோடு எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது.

“அண்ணே, இது நம்ம பட்டறை ஸ்கேலு.”

நான் ஸ்கேலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

“பொம்மைக்கு அச்சு வெக்கிறது. சூளையில சுருங்கறதுக்கு விடுறது. இத வெச்சா அண்ணிக்கு ஸ்வெட்டர் போட்டீங்க?” அவர் ஹாலைப் பார்த்துத் திரும்பினார். “அண்ணியச் சூளையில வெச்சு எடுத்தாத்தான் சரியா இருக்கும்னு கணக்கு.”

ஹால் சிரித்தது. சேலத்து அம்மாள்கூடச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். ஆனால் இருபது வருஷத்துக் காரணங்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன. மைத்துனனுக்குப் பின்னியது லொடலொட என்று இருந்தபோது அவன் இளைத்துவிட்டான் என்று சொன்னேன். நெய்வேலிக்காரர் ஒருவர் நைட் ஷிஃப்டுக்கு வாங்கிப் போனதைத் திருப்பித் தந்தபோது, நூல் கொஞ்சம் இளகும் என்று விளக்கினேன். அளவே தேவைப்படாத மப்ளர் மட்டும் எல்லாருக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பட்டறையில் அந்த ஸ்கேலுக்கு என்ன வேலை என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டு வாசலைத் தாண்டியதும் அது வெறும் ஸ்கேலாகிவிட்டது.

என் மனைவி சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த ஸ்கேலை, நீளமாகிப்போன கைக்குள்ளிருந்து இரண்டு விரலை வெளியே எடுத்துத் தொட்டாள்.

“எல்லாத்தையும் இதுலதான் அளந்தீங்களா?”

“எல்லாத்தையும்.”

“அந்த மஞ்சளு?”

“அதுவும்.”

“ஊட்டிக்கு எடுத்துக்கிட்டுப் போனது?”

தலையாட்டினேன். அவள் ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்வெட்டரோடு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு அவள் சொன்னது எனக்கு மட்டும் சொன்னது. சூளைக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்ததையும், அவர் கையில் இருந்தது மைக் என்பதையும் நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

“இருவது வருசமா நான் குண்டா இருக்கறத சொல்லிக் காட்டத்தான் இந்த மனுசன் இவ்ளோ பெருசா பின்னுறாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

வாசல் குழாய் ஸ்பீக்கர் அதை முழுசாகத் தெருவுக்குச் சொன்னது. வெளியே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். ஹாலில் நாற்பது ஜோடி ஊசிகளும் ஒரே நேரத்தில் நின்றன. மின்வெட்டால் முடியாதது அது.

 குண்டு என்று நான் நினைத்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதை இந்த மைக்கில் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று மட்டும் தெரிந்தது. “நான் பூனைக்கு விடறாப்புலதான் விட்டேன்,” என்றேன். இதைவிட நல்ல பதிலை இன்று வரை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அகப்படவில்லை.

அவள் உதடு முதலில் கோணியது. அப்புறம் ஸ்வெட்டரின் தொங்குகிற கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மேட்ரன் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் பல்லும் தெரிந்தது. அந்த வெயிலில், ஃபேன் இல்லாத ஹாலில், அவள் அதற்குப் பிறகும் அதைக் கழற்றவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

பரிசு திருச்சிக்குப் போயிற்று. என்னைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். அளவு பொருந்தினால்தான் உரியவருக்குப் பின்னியதாக அர்த்தம் என்று மேட்ரன் விதியை விளக்கினார். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பளத்தை உடைத்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். நீங்கள் இத்தனை நாள் பின்னிய கடை நூல் எந்தத் தண்ணீரிலும் சுருங்காது. இது சுத்தமான கம்பளி. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

“எத்தன டிகிரின்னு சொல்லுங்க மேடம்,” என்றார் எதிர்ப் பந்தியில் இருந்த சூளைக்காரர். “மீதிய நாங்க பாத்துக்கறோம்.”

மறுநாள் காலை காபி குடிக்கும் நேரத்துக்கே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பின்பக்கம் கல் கூட்டி, அண்டாவில் தண்ணீர் வைத்தோம். சூளைக்கு முன்னால் செய்வதுபோல விறகைத் தொட்டுக் கும்பிட்டார். என் மனைவி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். ஸ்வெட்டர் அண்டாவில் இறங்கியது. நாவல்பழச் சாயம் தண்ணீரில் கொஞ்சம் கசிந்தது. நான் துடுப்பால் கிளற, சூளைக்காரர் தீயைத் தள்ளியும் இழுத்தும் விட்டார். ஒரே கொதியில் எடுத்துவிடலாம் என்றேன். பீங்கானிலும் இதே அவசரம்தான் உங்களுக்கு என்றார்.

எடுத்துப் பிழிந்து, கயிற்றுக் கட்டிலில் பரத்தினோம். விருத்தாசலத்து மே மாத வெயிலுக்கு இப்படி ஒரு நல்ல காரியம் செய்யக் கிடைத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பதினோரு மணிக்குக் காய்ந்துவிட்டது. மனைவி டேப்பை வைத்து அளந்தாள். சுற்றளவு முப்பத்தாறரை. நீளத்தை அவள் சொல்லவில்லை. அது பார்த்தாலே தெரிந்தது. கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. துணி தடித்து, தோசைக்கல்லைத் துடைக்கிற துணியைப் போல விறைப்பாகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோக் கண்ணாடி முன்னால் நின்றாள். திரும்பி நின்றாள். மஞ்சள் ஸ்வெட்டருக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிட இப்போது அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு அதைப் போட்டுக்கொண்டே வந்து, எங்களோடு உட்கார்ந்து, ஒரு டம்ளர் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து டம்ளரில் சொட்டியது.

“குத்துது,” என்றாள், கழற்றும்போது. வேறு குறை சொல்லவில்லை.

பிறகு என்னிடம் கையை நீட்டினாள். என்ன என்றேன். ஸ்கேலு என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொத்தில் மாட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை பட்டறைக்கு ஸ்கேல் வேண்டுமே என்றதற்கு, போகும்போது வாங்கிக்கொண்டு போங்கள், வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்றாள். அன்றிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி கொடுப்பதுபோல தினமும் காலையில் எனக்கு ஸ்கேல் வழங்கப்பட்டது, சாயங்காலம் திரும்பப் பெறப்பட்டது. ஞாபக மறதியாகப் பையிலேயே இருந்தால் வாசலிலேயே சோதனை.

இனி எதுவும் பின்னக் கூடாது என்ற ஒப்பந்தத்தை அவள் எடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஊசிகள் பையில் சும்மா கிடந்தன. ஜூலையில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் என்னிடமிருந்து ஸ்கேலை வாங்கிப் பூட்டினாள். தையல்கார டேப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“இப்ப முப்பத்தேழு இருக்கும்,” என்றாள். “இருக்கறத எழுதுங்க.”